கல்லுக்கும் நிறம் இருந்துச்சு: சென்னையில நாலு நாள்

நாள் 1, வியாழன்

காலாண்டு லீவு விட்டாச்சு. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறி காலைல எழும்பூர்ல இறங்கிட்டேன். நான் அம்பாசமுத்திரம் பக்கத்துல ஒரு ஸ்கூல்ல டிராயிங் டீச்சர், பதினாலு வருஷமா. இந்த தடவ சென்னைக்கு வந்ததுக்கு காரணம் ஏழாங்கிளாஸ் பையன் ஒருத்தன்தான். எங்க ஊர் கோயில்ல கும்பாபிஷேகத்துக்கு கோபுரத்துக்கு புது வர்ணம் அடிச்சிருந்தாங்க, நான் கிளாஸ்ல "பளபளன்னு பெயின்ட் அடிச்சு பழைய அழகையே கெடுத்துட்டாங்க"ன்னு சொன்னேன், அவன் எந்திரிச்சு "அப்போ கட்டுன அன்னைக்கு அது எந்த கலர்ல இருந்துச்சு டீச்சர்?"னு கேட்டுட்டான். என்கிட்ட பதில் இல்ல. மூணு வாரமா அந்த கேள்வி மனசுல கிடந்து குடைஞ்சிட்டே இருந்துச்சு, அதான் கிளம்பி வந்துட்டேன். தினமும் ராத்திரி அன்னன்னைக்கு பாத்தத இங்க போட்டுடறேன்.

மயிலாப்பூர்ல அத்தை வீடு. பைய வெச்சுட்டு குளிச்சு இட்லி சாப்பிட்டு நேரா எழும்பூர் மியூசியம். வெள்ளிக்கிழமை லீவுங்கறதால இன்னைக்கே போயிடணும்னு முதல்லயே முடிவு பண்ணியிருந்தேன். 1851-ல ஆரம்பிச்ச மியூசியம், ஒரு நாள்ல முடியாது.

முதல்ல என்னை நிறுத்தினது எங்க ஊர் பக்கத்து சாமான்தான், ஆதிச்சநல்லூர் பானைங்க. 1899-ல இருந்து அலெக்சாண்டர் ரீங்கற தொல்லியல்காரர் தோண்டி எடுத்ததுல நிறைய இங்கதான் இருக்கு. பஸ்ல எத்தன தடவ அந்த பறம்ப தாண்டி போயிருக்கேன், ஆனா பானைய பக்கத்துல நின்னு பாத்தது இன்னைக்குதான். கருப்பு சிவப்பு பானைன்னு புத்தகத்துல படிச்சப்ப ரெண்டு பெயின்ட் அடிச்சிருப்பாங்கன்னு நினைச்சிருந்தேன். பெயின்டே கிடையாது. பானைய கவுத்து வெச்சு வாய்ப்பக்கத்த உமியிலயோ சாம்பல்லயோ புதைச்சு சுடும்போது, காத்து படுற வெளிப்பக்கம் சிவக்குது, காத்து படாத உள்பக்கமும் வாயும் கருத்துடுது. ஒரே மண்ணு, ஒரே சூளை, ஒரே தீ. மண்ணுல இருக்கற இரும்புக்கு காத்து கிடைச்சா சிவப்பு. யாரு இத முதல்ல கண்டுபிடிச்சாங்களோ, அவங்க கைய தொட்டு கும்பிடணும் போல இருந்துச்சு.

இந்த இரும்பு விஷயம் மனசுல ஒட்டிக்கிச்சு. செங்காவி இரும்பு, மஞ்சக்காவியும் இரும்பு. மனுஷன் தொட்ட முதல் வர்ணம் இதுதான், தென்னாப்பிரிக்கால பிளாம்போஸ் குகையில 1,00,000 வருஷத்துக்கு முன்னாடியே காவிக்கல்ல அரைச்சு சிப்பியில குழைச்சு வெச்சிருந்திருக்காங்க. நம்ம விழுப்புரம் பக்கம் கீழ்வாலை பாறையில இருக்கற ஓவியமும் இந்த சிவப்புதான். ஆயிரக்கணக்கான வருஷம் ஆனாலும் அழியாது, ஏன்னா அது ஏற்கனவே துருப்பிடிச்ச இரும்பு, அதுக்கு மேல வெயிலும் மழையும் அத என்ன செய்ய முடியும்?

அப்புறம் வெண்கல கூடம். திருவாலங்காட்டு நடராஜர் முன்னாடி எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. ஆனா ஒண்ணு தோணுச்சு. இந்த சிலைங்கள செஞ்சவங்க யாரும் இப்படி வெறும் உலோகமா நின்னு மக்கள் பாக்கணும்னு செய்யல. உற்சவர் வெளிய வந்தா பட்டு, சந்தனம், குங்குமம், கதம்ப மாலைன்னு முகம் மட்டும்தான் தெரியும். நிறத்த தினமும் போட்டு தினமும் எடுத்திருக்காங்க. நாம இங்க ஸ்பாட்லைட்ல பாக்குறது சாமி குளிக்கப் போறதுக்கு முன்னாடி இருக்கற கோலம்.

ரவிவர்மா படங்களும் பாத்தேன். 1848-ல பிறந்தவர், 1906-ல போயிட்டார். அவர் காலத்துக்கு கொஞ்சம் முன்னாடி 1841-லதான் பெயின்ட்ட தகர ட்யூப்ல அடைக்கற முறைய ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் கண்டுபிடிச்சார், அதுக்கு முன்ன பன்னி மூத்திரப்பையில கட்டி வெச்சிருப்பாங்க, இல்லன்னா அப்பப்ப அரைக்கணும். 1894-ல ரவிவர்மா மும்பைல அச்சகம் வெச்சு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்லுன்னு அடிச்சு படத்த வீடு வீடா கொண்டு போயிட்டார். கோயிலுக்குள்ள போக விடாம வெச்சிருந்த ஜனங்க வீட்டு சுவத்துலயும் சாமி கலரா வந்து உக்காந்துச்சு. சிலர் கேலண்டர் படம்னு மட்டமா பேசுவாங்க, எனக்கு அந்த பேச்சு பிடிக்காது.

சாயந்திரம் மவுண்ட் ரோடு, எல்லீஸ் ரோடு. முன்ன சினிமா பேனர் வரைஞ்ச ஒரு அண்ணன் இப்ப அங்க போர்டு கடை வெச்சிருக்கார்னு அத்தை மக சொல்லி விட்டிருந்தா. ஃப்ளெக்ஸ் வந்ததும் பேனர் வேலை மொத்தமா போயிடுச்சு, இப்ப ஸ்டிக்கர் வெட்டறார். பேச ஆரம்பிச்சதும் கண்ணு மாறிடுச்சு. வர்ணப்பொடிய ஆளிவிதை எண்ணெயில குழைச்சு அடிப்பாங்களாம். முகத்துக்கு தோல் கலரே கிடையாதாம், பக்கத்துல பாத்தா ஊதா, பச்சை, ஆரஞ்சுன்னு திட்டு திட்டா இருக்கும், ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் பாத்தாதான் முகம். வில்லனுக்கு பச்சையும் நீலமும், ஹீரோவுக்கு ரோஸும் மஞ்சளும். "ஏண்ணே அப்படி?"ன்னு கேட்டேன். "பஸ்ல போறவனுக்கு மூணு செகண்டுதான்மா டைம், அதுக்குள்ள இவன் நல்லவனா கெட்டவனான்னு தெரியணும். ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்துல நீலம் செத்துடும், அதனால ராத்திரிக்கும் சேத்து யோசிச்சு அடிக்கணும்"னார்.

நாட்டிய சாஸ்திரத்துல ஒவ்வொரு ரசத்துக்கும் ஒரு நிறம் சொல்லியிருக்கு, கோபத்துக்கு சிவப்பு, பயத்துக்கு கருப்பு, சிரிப்புக்கு வெள்ளை, ஆச்சரியத்துக்கு மஞ்சள். இந்த அண்ணன் அத படிச்சதில்ல. அவருக்குன்னு ஒரு சாஸ்திரம் இருந்துச்சு, அத எழுதி வைக்க யாரும் இல்லாமயே போயிடுச்சேன்னு இருக்கு.

நாள் 2, வெள்ளி

காலைல அஞ்சரைக்கு அத்தை எழுப்பிட்டாங்க, வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்கு போகாம காபி கிடையாது. கோபுரம் கிட்டத்தட்ட 120 அடி, இப்ப இருக்கறது 1906-ல கட்டினது. வெயில் மேல இருந்து கீழ இறங்கறத பாத்துட்டே நின்னேன். முதல்ல கலசம், அப்புறம் ஒவ்வொரு நிலையா பச்சை உடம்பு, நீல உடம்பு, ரோஸ் சேலைன்னு ஒவ்வொண்ணா முழிச்சுக்குது.

கோபுரத்துல கீழ கருங்கல், மேல செங்கல்லும் சுதையும். சுதைன்னா சுண்ணாம்பு கலவை. சுதைச் சிற்பத்த வர்ணம் பூசறதுக்குன்னேதான் செய்வாங்க, பூசலன்னா மழையில கரைஞ்சு மூக்கு முழி போயிடும், அந்த வர்ணம் அதுக்கு தோல் மாதிரி. அப்போ பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ புதுசா அடிக்கறது கெடுக்கற வேலை இல்ல. நான் கிளாஸ்ல சொன்னது தப்பு. பாதி தப்பு. மீதி பாதிய நாளைக்கு சொல்றேன்.

எனக்கு எங்க இருந்து அந்த நினைப்பு வந்துச்சுன்னு யோசிச்சா காலேஜ்ல படிச்ச கிரேக்க சிலைங்கதான். வெள்ளை வெளேர்னு பளிங்கு, அதுதான் உயர்ந்த கலைன்னு சொல்லிக் குடுத்தாங்க. 1764-ல புத்தகம் எழுதின ஜெர்மன்காரர் விங்கெல்மன், உடம்பு எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு அழகுன்னே எழுதி வெச்சார். ஆனா அந்த சிலைங்க செஞ்ச காலத்துல கண்ணு, உதடு, முடி, துணின்னு எல்லாத்துக்கும் வர்ணம் பூசித்தான் நிறுத்தியிருக்காங்க, மண்ணுக்குள்ள கிடந்து அது போயிடுச்சு. நிறம் போன மிச்சத்த பாத்துட்டு அதையே இலக்கணம்னு எடுத்துக்கிட்டாங்க. இதுல வயித்தெரிச்சல் என்னன்னா 1937-38-ல பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கற ஏதென்ஸ் பார்த்தினான் கோயில் சிற்பங்கள வெள்ளையாக்கறோம்னு செம்புக் கருவியால சுரண்டியே எடுத்திருக்காங்க, ஒட்டிட்டு இருந்த கொஞ்சநஞ்ச மேல்தோலும் போச்சு.

வடக்கு மாட வீதியில கொலு பொம்மை கடை போட ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு அம்மா உக்காந்து தசாவதாரம் செட்டுக்கு டச்சப் பண்ணிட்டு இருந்தாங்க. கண்ண மட்டும் கடைசியா வைக்கறாங்க. கிருஷ்ணருக்கு நீலம், முருகருக்கு ரோஸ் கலந்த சிவப்பு. நம்ம பழைய பேரே அதான, மாயோன்னா கரியவன், சேயோன்னா சிவந்தவன், தமிழன் சாமிக்கு பேர் வெச்சதே நிறத்த பாத்துதான். கருப்பு எப்படி நீலமாச்சுன்னு பக்கத்துல நின்ன ஒரு சின்ன பொண்ணு கேட்டுச்சு, அந்த அம்மா "கருப்பு பூசினா முகத்துல சிரிப்பு தெரியாது கண்ணு"ன்னாங்க. வேலை செய்யற கை சொல்ற பதில் அது.

பத்து மணிக்கு திருமயிலை ஸ்டேஷன்ல பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டை. இன்னைக்கு முக்கியமா இதுக்குதான் போனேன், ஆனா போனா பாக்க ஒண்ணுமில்ல, மீன் மார்க்கெட், சின்ன சின்ன கடைங்க, சந்து. இருந்தாலும் அந்த தெருவுல நடக்கணும்னு ஆசை. 1734-ல கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் நெசவுக்காரங்கள குடி வெக்கறதுக்காக உண்டாக்கின ஊர் இது, சின்னத்தறிப்பேட்டை. நூல் நூக்கறவங்க, நெய்யறவங்க, துணியில வர்ணம் எழுதறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து வெச்சாங்க. வடக்க வண்ணாரப்பேட்டையில துணி வெளுத்தாங்க. 1639-ல கம்பெனிக்காரன் இந்த மணல்ல வந்து இறங்கினதுக்கு ஒரு பெரிய காரணமே இங்க துணி மலிவுங்கறதுதான். சென்னைங்கற நகரமே நிறம் போட்ட துணி மேல எழும்பினதுன்னு சொன்னா மிகையில்ல.

அந்த துணிக்கு ஏன் அவ்வளவு கிராக்கி? துவைச்சாலும் நிறம் போகாது. ஐரோப்பால அன்னைக்கு பருத்தியில அப்படி நிக்கற சாயம் போட யாருக்கும் தெரியாது. நம்ம ஆளுங்க முதல்ல துணிய கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில ஊற வைப்பாங்க. பால்ல இருக்கற கொழுப்பு சாயம் பரவாம பிடிச்சுக்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் ஊறப்போட்ட தண்ணிய தொட்டு எழுதினா கடுக்காயோட சேந்து அந்த இடமே கருப்பாகும், இங்கயும் இரும்பு பாருங்க. சிவப்பு வேணுங்கற இடத்துல படிகாரம் தொட்டு எழுதுவாங்க, எழுதும்போது ஒண்ணுமே தெரியாது, அப்புறம் மொத்த துணியையும் சாயவேர் கொதிக்கற அண்டாவுல போட்டா படிகாரம் பட்ட இடம் மட்டும் செக்கச்செவேல்னு எந்திரிக்கும். நீலத்துக்கு மத்த இடத்துல எல்லாம் மெழுகு பூசிட்டு அவுரித் தொட்டியில முக்குவாங்க. பச்சைக்கு தனிச் சாயம் இல்ல, நீலத்து மேல மஞ்சள் பூசணும். அந்த மஞ்சள்தான் நிக்காது. அதனால வெளிநாட்டு மியூசியத்துல இருக்கற பழைய சோழமண்டலக் கரை துணிகள்ல இலையெல்லாம் நீலமா இருக்கும். அந்த போட்டோக்கள பாத்துட்டு ஆஹா நீல இலை, என்ன கற்பனைன்னு நான் வியந்திருக்கேன். அது பச்சையா இருந்த இலை, மஞ்சள் போயிடுச்சு அவ்வளவுதான்.

1742-ல கேர்தூன்னு ஒரு பிரெஞ்சு பாதிரியார் பாண்டிச்சேரி பக்கம் சாயக்காரங்ககிட்ட கேட்டு கேட்டு இந்த முறை மொத்தத்தையும் கடிதமா எழுதி ஊருக்கு அனுப்பிட்டார். தலைமுறை தலைமுறையா கையில இருந்த ரகசியம் தபால்ல போயிடுச்சு. அதே சமயம் பிரான்ஸ்ல 1686-ல இருந்து 1759 வரைக்கும் இந்த துணிக்கே தடை, இங்கிலாந்துலயும் 1721-ல வந்த சட்டத்துல கட்டக்கூடாதுன்னாங்க, அவங்க ஊர் கம்பளி நெசவு படுத்துடும்னு பயம். ஒரு பொண்ணு என்ன கலர் பூப்போட்ட துணி உடுத்தலாம்னு பார்லிமென்ட் உக்காந்து முடிவு பண்ணியிருக்கு!

சாயவேர இம்பூறல்னும் சொல்வாங்க. 1868-ல ஜெர்மனியில கிரேபே, லீபர்மான்னு ரெண்டு வேதியியல்காரங்க, சாயவேர்ல இருக்கற அதே அலிசரின் சிவப்ப லேப்ல செஞ்சாங்க, 1897-ல செயற்கை அவுரியும் வியாபாரத்துக்கு வந்துடுச்சு. முப்பது வருஷத்துக்குள்ள ஒரு கரையோட சிவப்பும் நீலமும் போச்சு. திண்டிவனம் பக்கம் இன்னும் கொஞ்சம் பேர் அவுரி போடறாங்க, அந்த அளவுல நிக்குது.

மெட்ராஸ் கட்டம் போட்ட துணி பத்தி ஒண்ணு சொல்லிட்டு தூங்கறேன். 1958 வாக்குல அமெரிக்காவுக்கு இந்த செக்ஸ் துணி போச்சு, துவைச்சதும் சாயம் ஒண்ணோட ஒண்ணு இறங்கிடுச்சு, வாங்கினவங்க ஒரே புகார். அப்புறம் "கண்டிப்பா சாயம் போகும்"ங்கறதையே விளம்பரமா போட்டு வித்திருக்காங்க, ஒவ்வொரு தடவ துவைக்கறப்பவும் புது சட்டைன்னு. நைஜீரியாவுல கலபாரி ஜனங்க இதே துணியில சில நூல அறுத்து உருவி எடுத்து புது டிசைன் உண்டாக்குவாங்க. நம்ம லுங்கி கட்டம் அங்க சடங்குத் துணி. அவங்க கைக்கு போனதும் அது அவங்களோடதா ஆயிடுது.

நாள் 3, சனி

கோயம்பேட்டுல பஸ் ஏறி காஞ்சிபுரம். அத்தை மகளும் கூட வந்தா. "அக்கா, பட்டு எடுக்கத்தான போறோம்?"னு வழி முழுக்க கேட்டுட்டே வந்தா. மொத கைலாசநாதர்.

ராஜசிம்ம பல்லவன் கட்டினது, 8-ம் நூற்றாண்டு தொடக்கம். மணற்கல். உள்ள திருச்சுற்று சுவத்தோட ஒட்டி 58 சின்ன சின்ன சன்னதி இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு ஆள் குனிஞ்சு எட்டிப் பாக்கற அளவுதான். ஒண்ணொண்ணா குனிஞ்சு பாத்துட்டே வந்தேன், கழுத்து வலிக்குது, ஒண்ணும் இல்ல, கல்லு, பூச்சு, கல்லு. அப்புறம் ஒண்ணுல காவல்காரர் "இங்க பாருங்கம்மா"ன்னு கைய காட்டினார்.

பாதி முகம். அதுக்கு மேல சொல்ல எனக்கு வார்த்தை வரல. செங்காவிக் கோட்டுல ஒரு கண்ணு, மூக்கோட வளைவு, பக்கத்துல கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பச்சை. 1,300 வருஷம். 1931-ல ஜூவோ துப்ரேய்ங்கற பிரெஞ்சுக்காரர் பாக்கற வரைக்கும் இது இங்க இருக்குன்னே வெளியில யாருக்கும் தெரியாது. அந்த மன்னனோட முன்னோர் மகேந்திரவர்மனுக்கு சித்திரகாரப்புலின்னு பட்டப்பேரே உண்டு, ஓவியம் அந்த வீட்டுல அப்படி ஓடியிருக்கு.

பையனோட கேள்விக்கு பதில் இந்த சுவத்துலதான். கல்லு மேல சுண்ணாம்புப் பூச்சு, அதுமேல வர்ணம். கல்லா நிக்கற இந்த சிங்கங்கள், சிவன், தேவி எல்லாமே வர்ணத்தோட நின்ன கூட்டம். வெயில்ல இந்த கோயில் மொத்தமும் எப்படி இருந்திருக்கும்னு கண்ண மூடி நினைச்சு பாத்தேன். அப்போ நம்ம மயிலாப்பூர் கோபுரம்தான் பழைய கண்ணுக்கு பக்கத்துல நிக்குது, வெறும் கல்லுதான் அழகுங்கற என் ரசனை புதுசு.

இன்னொண்ணும் புரிஞ்சுச்சு. ஈர சுண்ணாம்புல செடியில இருந்து எடுக்கற சாயம் நிக்காது, காரம் தின்னுடும். அதனால சுவத்துக்கு மண்ணு, கல்லு, விளக்குக் கரி. துணிக்கு வேரு, இலை, காயி. மண்ணு நிறம் நின்னுடுச்சு, இலை நிறம் போயிடுச்சு. பழசுன்னாலே காவியும் கருப்பும்னு நமக்கு ஒரு நினைப்பு இருக்கே, அது அவங்க ரசனை இல்ல, தப்பிப் பிழைச்ச நிறங்களோட கணக்கு.

நேத்து பாக்கி வெச்சத சொல்லிடறேன். கெடுக்கற வேலையும் நடக்குது. சுதைக்கு பூசறது சரி, ஆனா கருங்கல் தூணுலயும் கல்வெட்டு இருக்கற அதிஷ்டானத்துலயும், அதான் கோயிலோட அடிப்பீடத்துல, எனாமல் அடிக்கறது அநியாயம். சுண்ணாம்பு மூச்சு விடும், எனாமல் பிளாஸ்டிக் பை மாதிரி மூடிக்கும், உள்ள இருக்கற ஈரமும் உப்பும் வெளிய போக முடியாம கல்லோட மேல்தோலையே உரிச்சிட்டு வரும். அப்புறம் அந்த பெயின்ட்ட எடுக்கறோம்னு மணல பீய்ச்சி அடிச்சு எழுத்தெல்லாம் மழுங்கிப் போன கோயில நானே எங்க பக்கத்துல பாத்திருக்கேன். பிரச்சனை நிறம் இல்ல, எந்த பொருள எது மேல பூசறோங்கறதுதான்.

பட்டு எடுத்தோம். அத்தை மகளுக்கு அரக்கு, பச்சை பார்டர்.

நாள் 4, ஞாயிறு

காலைல மொட்டை மாடி. அத்தை மாமாவோட வேட்டி அலசி பக்கெட்ல நீலம் கரைச்சுட்டு இருந்தாங்க. "ஏட்டி, நீலம் போடாம வேட்டி வெளுக்குமா?"ன்னாங்க, நாப்பது வருஷம் மயிலாப்பூர்ல இருந்தும் அந்த நெல்லை ஏட்டி போகல. அந்த பொடிய கையில வாங்கிப் பாத்தேன். அல்ட்ராமரின். ஒரு காலத்துல ஆப்கானிஸ்தான்ல பதக்ஷான் மலையில மட்டும் கிடைச்ச, லாபிஸ்னு சொல்ற நீலக் கல்ல அரைச்சு எடுத்த நீலம். அஜந்தா நீலம் அதான். இத்தாலியில மாதா அங்கிக்குன்னு எடுத்து வெச்ச விலை உயர்ந்த நீலமும் அதான், படம் வரையச் சொன்னவங்க எவ்வளவு நீலம் போடணும்னு ஒப்பந்தத்துலயே எழுதுவாங்க. இதையே செயற்கையா செய்யறவனுக்கு 6,000 பிராங்க் பரிசுன்னு பிரான்ஸ்ல அறிவிச்சு, 1828-ல கிமேங்கறவர் வாங்கினார். களிமண், சோடா, கந்தகம், கரி, இவ்வளவுதான் சரக்கு. மாதாவுக்கு உடுத்தின நீலம் மாமா வேட்டிக்கு வந்துடுச்சு. அத்தைகிட்ட சொன்னேன், "அப்படியா சொல்லுத?"ன்னு பக்கெட்டயே கொஞ்ச நேரம் பாத்தாங்க.

மத்தியானம் இஞ்சம்பாக்கம், சோழமண்டல் ஓவியர் கிராமம். 1966-ல கே.சி.எஸ். பணிக்கர் கூட இருந்த கலைஞர்களோட சேந்து உண்டாக்கினது. படம் வித்து சாப்பிட முடியாதுன்னு பாத்திக் துணி போட்டு வித்து, அந்த காசுல நிலம், வீடு, ஓவியம்னு நடத்தியிருக்காங்க. மெழுகு பூசி சாயத்துல முக்கறது, வெள்ளிக்கிழமை எழுதினேனே அதே வேலைதான். மறுபடியும் சோழமண்டலக் கரை, மறுபடியும் துணி. பணிக்கரோட சொற்களும் குறியீடுகளும் வரிசைப் படம் முன்னாடி நின்னப்ப ஜாதகக் கட்டம் மாதிரியும் கோலம் மாதிரியும் இருந்துச்சு. முழுசா புரிஞ்சுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா விட்டு வர மனசில்ல.

திரும்பி வந்து ராத்திரி வண்டிக்கு முன்னாடி மயிலாப்பூர்ல நாட்டு மருந்து கடை. கடுக்காய் 100 கிராம், படிகாரம் 50, காவிக்கட்டி ரெண்டு. இம்பூறல் இருக்கான்னு கேட்டேன். இருக்காம்! கடைக்காரர் எடை போட்டுட்டே "யாருக்கும்மா, இருமல்ல ரத்தம் வருதா?"ன்னார். சாயம் போடண்ணேன்னு சொன்னதும் நிறுத்திட்டு "இதுல சாயமா?"ன்னார். துணியில நிக்கும்ணே, ஒரு காலத்துல கப்பல் கப்பலா போச்சுன்னு சொன்னேன். ஒரு குச்சிய எடுத்து நகத்தால கீறி வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தார், இன்னொரு பிடி அள்ளி போட்டு பொட்டலம் கட்டினார், அதுக்கு காசு வாங்கல.

எழும்பூர்ல வண்டி வந்தாச்சு. பை முழுக்க கடுக்காய் வாசம். எருமைப்பாலுக்கு அந்த பையன் வீட்டுலயே எருமை இருக்கு, திங்கக்கிழமை ஒரு சொம்பு கொண்டு வரச் சொல்லி அவங்கம்மாவுக்கு போன் பண்ணிட்டேன்.